உப்புக் காற்றில் நடுங்கிய முள்

கிளியனூர் என்ற பெயரைக் கண்டவுடன் உங்களில் பலருக்கு மயிலாடுதுறைப் பக்கத்துக் கிளியனூர்தான் நினைவுக்கு வரும். நம் சமுதாயத்தவர் நிறைந்து வாழும் ஊர் அது. பெண் கொடுத்த வகையிலோ எடுத்த வகையிலோ அவ்வூரோடு உறவுடையவர்கள் இப்பக்கங்களைப் படிப்போரிலும் இருப்பீர்கள். ஆனால் இக்கட்டுரை அவ்வூரைப் பற்றியதன்று. விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ நடுவழியில் இன்னொரு கிளியனூர் இருக்கின்றது. திருக்கிளியன்னவூர் என்று பழைய பக்திப் பாடல்களில் பேசப்படும் தலம் இதுவே என்பர். பேருந்தில் போகிறவர்களுக்கு இது கண்மூடித் திறப்பதற்குள் கடந்துபோகும் ஊர். மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கோ, அதுவும் வண்டியில் ஏதேனும் கோளாறு என்றால், நின்று நிதானித்துப் பார்க்க வேண்டிய ஊராகி விடுகின்றது.

இவ்வூருக்குக் கிழக்கே கழுவேலி என்னும் பெரிய நீர்ப்பரப்பு விரிந்து கிடக்கின்றது. தமிழகத்தில் பழவேற்காட்டிற்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுதான். மழைக்காலத்தில் நன்னீரும், கோடையில் கடலின் உவர்நீரும் கலந்து நிற்கும் இவ்வேரியை 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஏரியின் வடகிழக்கே கழிமுகமும், அதை ஒட்டி மரக்காணம் உப்பளங்களும் உள்ளன. ஆந்திரக் கரையிலிருந்து கடலோரமாகவே இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் தன் நெடும் பயணத்தை முடித்துக்கொள்வதும் இந்த மரக்காணத்தில்தான். சங்க இலக்கியமாகிய சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஆக, உப்பும் மீனும் வாணிபமும் இக்கரைக்குப் புதியவை அல்ல.

உப்பளம் என்றால் வெள்ளை வெளேரென்ற பாத்திகள் மட்டும் உங்கள் மனக்கண்ணில் தோன்றலாம். அந்த வெண்மைக்குப் பின்னால் காற்றும் வெயிலும் செய்யும் வேலை பெரிது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் பாத்திகளைச் சீர்செய்து, உவர்நீரைப் படிப்படியாக ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு விட்டு, வெயிலில் காயவைத்து, விடியற்காலை இருட்டிலேயே இறங்கி வாரி எடுக்கிறார்கள் தொழிலாளர்கள். அவர்களுடைய கால்களை அரிக்கும் அதே உப்புதான் காற்றில் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக மிதந்து, இரும்பையும் அலுமினியத்தையும் செம்பையும் அரிக்கின்றது. கடலோரத்தில் சன்னல் கம்பி ஏன் சீக்கிரம் துருப்பிடிக்கின்றது என்று காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் வாழும் சகோதரிகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்களே பாடம் நடத்துவார்கள். சன்னல் கம்பியின் துரு கண்ணில் படும். வண்டியின் முகப்பில் கண்ணாடி மூடிய வட்டத்திற்குள் உட்கார்ந்திருக்கும் சின்னஞ்சிறு முள்ளைக் காற்று என்ன செய்தது என்பதோ, அது பொய் சொல்லத் தொடங்கிய பிறகே தெரியவரும்.

திண்டிவனத்தில் லுஹர் தொழுதுவிட்டுப் புறப்பட்ட ஒரு பயணத்தில் என் வண்டியின் வேகமுள் அப்படித்தான் தொடங்கியது. முன்னதாக இரண்டு நாட்கள் மரக்காணம் பக்கத்தில் அலைந்த வண்டி அது. நான் ஒரே சீராக ஓட்டிக்கொண்டிருக்க, முள் மட்டும் முப்பதுக்கும் ஐம்பதுக்குமிடையே தவித்தது. கிளியனூரை நெருங்குகையில் கண்ணாடிக்குள்ளிருந்து 'டிக் டிக்' என்று மெல்லிய ஓசையும் கேட்டது. சாலையோரத்தில் ஒரு பட்டறை. வேப்ப மரத்தடியில் பெஞ்சு, பழைய டயர்கள், தகரக் கூரை. முதியவர் ஒருவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "மரக்காணம் போயிட்டு வர்றீங்களா பாய்?" என்று கேட்டார். முன்சக்கரத்துக் கம்பிகளில் படிந்திருந்த வெள்ளைப் பூச்சே அவருக்குச் சேதி சொல்லிவிட்டிருந்தது.

இந்த முள் எப்படி வேலை செய்கின்றது என்பதை அறிந்துகொண்டால் அதன் நோய்களும் எளிதில் விளங்கிவிடும். முன்சக்கரத்தின் குடத்தில் சிறிய பல்சக்கரம் ஒன்று உண்டு. சக்கரம் சுழலும்போது அது மீட்டர் கேபிளின் உட்கம்பியைச் சுழற்றுகின்றது. கேபிள் மேலே ஏறி மீட்டருக்குள் ஒரு வட்டக் காந்தத்தைச் சுழற்றுகின்றது. அந்தக் காந்தத்தைத் தொடாமல், மயிரிழை இடைவெளியில், அலுமினியக் கிண்ணம் ஒன்று கவிழ்ந்து நிற்கின்றது. காந்தம் அலுமினியத்தை ஈர்க்காது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் காந்தம் சுழலும்போது அந்தக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து, கிண்ணத்தையும் தன்னோடு திருப்பப் பார்க்கின்றது. கிண்ணத்தின் அச்சில் சுருட்டி வைத்த மெல்லிய வில் கம்பியோ அதைத் தடுத்துப் பின்னுக்கு இழுக்கின்றது. இழுப்பும் தடுப்பும் எந்த இடத்தில் சமமாகின்றனவோ, அந்த இடத்தில் கிண்ணம் நிற்கும். அதன் அச்சில் பொருத்திய முள்ளும் அங்கே நிற்கும். அதுதான் உங்கள் வேகம். ஸ்ட்ராஸ்பர்க் நகரைச் சேர்ந்த ஓட்டோ ஷூல்ட்ஸே என்ற பொறியாளர் 1902ஆம் ஆண்டில் இந்தக் கருவிக்கு உரிமம் பெற்றார். நூறாண்டு கடந்தும் கேபிள் வைத்த வண்டிகளில் அடிப்படை மாறவே இல்லை.

தொடாமலே ஒன்றை ஒன்று நகர்த்தும் இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. அந்த வியப்பிலேயே அதன் பலவீனமும் அடங்கியிருக்கின்றது. இடைவெளி மயிரிழை. அதில் ஒரு துளி எண்ணெய், ஒரு துகள் துரு, ஓர் இழை ஈரம் புகுந்தாலும் போதும். காந்தமும் கிண்ணமும் ஒட்டிக்கொள்ளும்.

பட்டறைப் பெரியவர் மீட்டரைத் தொடவே இல்லை. முதலில் கிலோமீட்டர் எண்களைப் பார்த்தார். "நம்பரு ஓடுதா?" என்றார். ஓடுகின்றது என்றேன். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி நோய் பிடிபட்டுவிடும் என்று பின்னர் விளக்கினார். முள்ளும் எண்ணும் இரண்டுமே நின்றுவிட்டால் கேபிள் அறுந்திருக்கும், அல்லது சக்கரக் குடத்துப் பல் தேய்ந்திருக்கும். எண் ஓடி முள் மட்டும் செத்துக் கிடந்தால் குற்றம் கிண்ணத்திலோ வில்லிலோ. முள் சட்டென்று உச்சிக்குத் தாவி அங்கேயே ஒட்டிக்கொண்டால் உள்ளே எண்ணெய் புகுந்திருக்கின்றது. வண்டி நின்ற பிறகும் முள் பூச்சியத்திற்குத் திரும்பாவிட்டால் வில் தளர்ந்திருக்கும், அல்லது முள் தன் அச்சில் நழுவியிருக்கும். நடுக்கம் மட்டும் என்றால் பத்தில் ஒன்பது கேபிளின் குற்றம்தான். மீட்டரைப் பிரிக்கவே வேண்டாம். இந்தக் கணக்கு அவருடையது. நான் எங்கும் படித்ததன்று.

சக்கரப் பக்கத்தில் கேபிளின் திருகு மூடியைக் கழற்றி உட்கம்பியை உருவினார். பல அடுக்காக முறுக்கிய எஃகுக் கம்பி அது. இரு முனைகளும் சதுரமாக இருக்கும். கீழ்ப்பகுதி துருவேறிச் செந்நிறமாயிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தார். பிறகு மேசைமேல் கிடந்த ஒரு கண்ணாடித் துண்டின்மீது அதை வைத்து உள்ளங்கையால் உருட்டினார். நேரான கம்பி அமைதியாக உருளும். எங்கேனும் மடிந்த கம்பி அந்த இடம் வரும்போது துள்ளும். என் கம்பி ஒரே இடத்தில் துள்ளியது. அந்தத் துள்ளல்தான் மேலே முள்ளின் நடுக்கமாகத் தெரிந்திருக்கின்றது. மடிந்த கம்பியை நிமிர்த்தி ஏமாறக் கூடாது, புதியதே போட வேண்டும் என்றார். அதன் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவைவிட மிகுதியில்லை.

கிரீஸ் தடவும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். "நல்லா வழுவழுன்னு இருக்கட்டும்" என்று மேலிருந்து கீழ்வரை அப்பிவிடுகிறார்கள். முறுக்குக் கம்பி சுழலும்போது திருகாணிபோல் கிரீஸை மேல்நோக்கி ஏற்றும். ஏறிய கிரீஸ் நேரே மீட்டருக்குள் போய்க் காந்தத்தையும் கிண்ணத்தையும் நனைக்கும். ஆகவே சக்கரப் பக்கத்திலிருந்து மூன்றில் இரண்டு பாகத்திற்கு மட்டும், விரல்நுனியில் எடுத்து, கம்பி மினுமினுக்கும் அளவே தடவ வேண்டும். மேல் பாகத்தைக் காய விட்டுவிட வேண்டும். கேபிள் போகும் வழியில் கூரிய வளைவும் ஆகாது; ஒரு சாணுக்குக் குறுகிய வளைவில் மடக்கிக் கட்டினால் புதிய கம்பியும் சில மாதங்களில் மடியும். சக்கரக் குடத்துப் பல்லையும் கழற்றிக் கழுவிப் புதுக் கிரீஸ் வைத்தார். கடற்கரையில் ஓடும் வண்டிக்கு இதை ஆண்டுக்கொரு முறையாவது செய்ய வேண்டும் என்றார்.

என் வண்டிக்கு மீட்டரைப் பிரிக்கும் தேவை வரவில்லை. ஆனால் அவருடைய மேசைமேல் வேறொரு மீட்டர் பிரிந்து கிடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிய இரவை இப்பகுதி மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட மழை கொட்டிய இடங்கள் உண்டு. அந்த வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டிகளில் ஒன்றன் மீட்டர் அது. விளிம்பு வளையத்தைச் சிறு திருப்புளியால் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தித்தான் கண்ணாடியைக் கழற்ற முடியும். அவசரப்பட்டால் வளையம் கிழியும், கண்ணாடி உடையும். உள்ளே அலுமினியக் கிண்ணத்தில் திருநீறு பூசியதுபோல் வெண்பொடி. உப்பு ஈரம் அலுமினியத்தைத் தின்ற அடையாளம் அது. காந்தத்தைச் சுற்றித் துருத்துகள் மொய்த்திருந்தன. துணியால் துடைத்தால் அவை நகர்ந்து மறுபக்கம் ஒட்டிக்கொள்ளுமே தவிர போகா. ஒட்டும் பட்டையைத் திருப்பி அழுத்தி அழுத்தி எடுத்தார்.

முள்ளைக் கழற்றுவது தனிக்கலை. பலர் இடுக்கியால் பிடித்து இழுத்து அச்சை வளைத்துவிடுகிறார்கள். அவரோ முதலில் முள்ளைப் பூச்சியத்திலுள்ள தடுப்பு ஊசியின் மேலாக மெல்லத் தூக்கிவிட்டு, தடையில்லாமல் அது தானாகப் போய் நிற்கும் இடத்தைத் தாளில் குறித்துக்கொண்டார். தடுப்பு ஊசியில் சாய்ந்து நிற்கும்போது வில்லில் சிறிது இழுப்பு மீதமிருக்கும். அந்த இழுப்பைக் கணக்கில் எடுக்காமல் முள்ளை நேரே பூச்சியத்தில் செருகினால், எல்லா வேகத்திலும் அளவு பிசகும். குறித்த பிறகு, முகத்தட்டின்மேல் காகிதம் வைத்து, இரண்டு தேக்கரண்டிகளை எதிரெதிரே முள்ளின் அடியில் கொடுத்து ஒரே அழுத்தத்தில் நெம்பினார். முள் மேலே எழும்பியது. சுத்தம் செய்து, அச்சு நுனியில் கைக்கடிகார எண்ணெயை ஊசிமுனையால் தொட்டு வைத்து, முன்பு குறித்த அதே இடத்தில் முள்ளை மீண்டும் அழுத்தினார். வேலை முடிய ஒரு மணி நேரம் பிடித்தது. இதே இரண்டு தேக்கரண்டிகளால்தான் அவர் தேநீருக்குச் சர்க்கரையும் போடுகிறாரோ என்ற ஐயம் எனக்கு எழாமலில்லை!

பழைய புல்லட் வண்டி வைத்திருப்போருக்கு இன்னொரு முள்ளும் பழக்கமானது. 1955ஆம் ஆண்டில் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, சென்னைத் திருவொற்றியூரில் தயாரித்த அவ்வண்டிகளின் முகப்பில் அம்மீட்டர் என்றொரு சிறுமுள் ஆடும். பேட்டரிக்கு மின்சாரம் ஏறுகின்றதா இறங்குகின்றதா என்பதை அது சொல்லும். வண்டி மெல்ல நின்று ஓடும்போது அந்த முள் துடிப்பதும், விளக்கைப் போட்டால் குறைவுப் பக்கம் சாய்வதும் இயல்பே. அதைக் கண்டு பட்டறைக்கு ஓட வேண்டாம். நல்ல வேகத்தில் போகும்போதும் அது குறைவுப் பக்கமே சாய்ந்து கிடந்தால் மட்டும் கவலைப்படுங்கள். பெட்ரோல் அளவு காட்டும் முள்ளில் கோளாறென்றால் பெரும்பாலும் டாங்கியிலுள்ள மிதவையோ, உப்பேறிப் பச்சைப் பூத்த மின்கம்பி இணைப்போ காரணமாக இருக்கும். இணைப்பைக் கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்தாலே பல நேரங்களில் சரியாகிவிடும்.

பட்டறையில் நான் காத்திருந்தபோது ஓர் இளைஞர் வந்தார். வண்டியை விற்கப்போவதாகச் சொன்னார். அவருடைய மீட்டரிலும் முள் ஒட்டிக்கொண்டிருந்தது. "முள்ளைச் சரி பண்ணுங்கண்ணே. பிரிக்கத்தானே போறீங்க, அப்படியே அந்த நம்பரையும் கொஞ்சம் கொறைச்சு வச்சுடுங்க" என்றார். கிலோமீட்டர் எண் அறுபதினாயிரத்தைத் தாண்டியிருந்தது. பெரியவர் தலையை உயர்த்தவில்லை. "தம்பி, முள்ளு கெட்டுப்போச்சு, முள்ளைச் சரி பண்றேன். நம்பருதான் கெட்டுப் போவலியே, அதை எதுக்குத் தொடணும்?" என்றார். இளைஞர் கூடுதல் பணம் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். பெரியவர் அடுத்த வண்டியின் பக்கம் திரும்பிவிட்டார். சற்று நேரம் நின்ற இளைஞர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். வேறு பட்டறைக்குத்தான் போயிருப்பார்.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நிற்போம். வேகமுள்ளும் கிலோமீட்டர் எண்ணும் ஒரே கேபிளில், ஒரே பெட்டிக்குள் இயங்குபவை. முள்ளைச் சீர்செய்யத் திறக்கும் அதே கதவு, எண்ணைப் பொய்யாக்கவும் திறக்கின்றது. தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருக்கக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வணிகரைக் கேட்டுக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நம் வீட்டுப் பிள்ளைகளும் மதரஸாவில் கேட்டிருப்பார்கள். எண்ணைக் குறைத்து வண்டி விற்பது அந்த ஈரத் தானியத்தை அடியில் மறைப்பதன்றி வேறென்ன? மழையில் நனைந்தது அவ்வணிகரின் குற்றமன்று, மறைத்ததுதான் குற்றம். அறுபதினாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் குற்றமன்று. ஓடத்தானே வண்டி? அறிந்த குறையைச் சொல்லாமல் விற்றால், குறை கண்ட பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று ஷாஃபிஈ, ஹனஃபீ உள்ளிட்ட நான்கு மத்ஹபுகளின் அறிஞர்களும் வகுத்துள்ளனர். அளவில் மோசடி செய்வோரைக் கண்டிக்கத் திருமறையில் ஓர் அத்தியாயமே அருளப்பட்டிருக்கின்றது என்பதையும் நாம் அறிவோம்.

நம் முன்னோர்களில் அளவுக் கருவியையே வாழ்வாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். ஸல்ஜூக் சுல்தான் ஸஞ்சரின் காலத்தில் மெர்வ் நகரில் வாழ்ந்த அறிஞர் அல்-காஸினீ, கி.பி. 1121ஆம் ஆண்டில் 'மீஸானுல் ஹிக்மா' என்னும் நூலை எழுதினார். ஞானத் துலாக்கோல் என்று அதைத் தமிழில் சொல்லலாம். தங்கத்தில் வெள்ளி கலந்திருந்தால், அதை உருக்காமலே, நீரிலும் காற்றிலும் நிறுத்துக் கண்டுபிடிக்கும் நுட்பமான தராசை அவர் அதில் விளக்கினார். அத்தராசின் நடுவிலுள்ள முள்ளை அரபியில் 'லிஸான்', அதாவது நாக்கு என்பார்கள். தமிழிலும் தராசு நாக்கு என்றுதான் சொல்கின்றோம். இரு மொழிகளும் தனித்தனியே முள்ளுக்கு நாக்கு என்று பெயரிட்டது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகின்றது. முள் பேசுகின்றது, பேசுவது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். ஹதீஸ் அறிவிப்பாளர்களின் நம்பகத்தன்மையை எடைபோட்ட இமாம் இப்னு ஹஜர் அல்-அஸ்கலானீ தம் பெருநூல் ஒன்றுக்கு 'லிஸானுல் மீஸான்' என்றே பெயர் வைத்தார்கள்.

நடைமுறைக்கு வருவோம். மீட்டரையே மாற்றும் நிலை வந்தால் புதிய மீட்டர் பூச்சியத்திலிருந்து தொடங்கும். அதில் ஏமாற்று எதுவுமில்லை. ஆனால் பழைய மீட்டரில் இருந்த எண்ணையும், மாற்றிய தேதியையும் பட்டறைக்காரரிடம் ரசீதில் எழுதி வாங்கி வண்டியின் தாள்களோடு வைத்துவிடுங்கள். விற்கும்போது அதைக் காட்டினால் உங்கள் பொறுப்பு நிறைவேறியது. பழைய வண்டி வாங்குகிறீர்களா? எண்ணை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். கால்வைக்கும் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்க, பிரேக் மிதியின் இரும்பு பளபளக்க, எண் மட்டும் பத்தாயிரம் காட்டினால் எதை நம்புவீர்கள்? எண்கள் ஒரே வரிசையில் நிற்காமல் ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தாலும், மீட்டரின் விளிம்பு வளையத்தில் திருப்புளி கீறிய தடமிருந்தாலும், காரணம் கேளுங்கள். புயலில் நனைந்ததால் திறந்தோம் என்பது நேர்மையான காரணமாகவும் இருக்கலாம். அதற்கு ரசீது இருக்கும்.

முள்ளின் பொய் பணத்தோடு போவதில்லை. பழைய மீட்டர்களில் ஆண்டுகள் செல்லச் செல்லக் காந்தத்தின் வலிமை குன்றும். குன்றிய காந்தம் கிண்ணத்தைக் குறைவாகவே இழுக்கும். முள்ளும் உண்மை வேகத்தைவிடக் குறைத்தே காட்டும். எழுபதில் போகும் பிள்ளை தான் அறுபதில் போவதாக நினைத்துக்கொள்வான். கிழக்குக் கடற்கரைச் சாலையில், பின்னால் மனைவியும் மடியில் குழந்தையுமாகப் போகிறவர்களை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் வேகமானி இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது இதற்காகத்தான். வேகமானிக்கான உலக விதிமுறையில் ஒரு நுட்பம் உண்டு. முள் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டலாம். குறைத்து மட்டும் காட்டவே கூடாது. பிழை நேர்ந்தால் அது பாதுகாப்பின் பக்கம் சாயட்டும் என்பது அதன் கருத்து. நிறுப்பவரிடம் சற்றுத் தாழ்வாகவே நிறுத்துக் கொடுக்கும்படி அண்ணலார் (ஸல்) அவர்கள் பணித்ததை இங்கே நினையாமலிருக்க முடியவில்லை.

பட்டறையில் புதுக் கேபிள் மாட்டியானதும், முள் சொல்வது மெய்தானா என்று சோதிக்கும் வழியையும் பெரியவரே சொல்லித் தந்தார். சாலையோரத்துக் கிலோமீட்டர் கற்கள்தாம் சாட்சி. முள்ளை 40இல் நிறுத்தி ஓட்டினால் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குச் சரியாக 90 விநாடி ஆக வேண்டும். 60இல் ஓட்டினால் 60 விநாடி. 40 காட்டும் முள்ளில் 80 விநாடியிலேயே அடுத்த கல் வந்துவிட்டால் நீங்கள் உண்மையில் 45இல் போகிறீர்கள். முள் குறைத்துச் சொல்கின்றது. 95 விநாடி ஆனால் கவலையில்லை. நேரத்தைப் பின்னால் அமர்ந்தவர் பார்க்கட்டும். ஓட்டுகிறவர் கடிகாரத்தையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தால் சாலையை யார் பார்ப்பது? இன்றைய புதிய வண்டிகள் பலவற்றில் கேபிளும் இல்லை, முள்ளும் இல்லை. சக்கரத்திலுள்ள உணரி மின்குறிப்பு அனுப்ப, திரையில் எண் ஒளிர்கின்றது. அவற்றுக்கும் இதே கல் சோதனை பொருந்தும்.

மறுநாள் அந்தச் சோதனையோடே கடற்கரைச் சாலைக்குப் போனேன். என் பின்னால் அமர்ந்திருந்த மருமகன் நேரம் பார்த்தான். முதல் கல்லில் 92, அடுத்ததில் 91. மரக்காணத்தின் உப்பளங்களில் அப்போது வாரிய உப்பைச் சிறு குன்றுகளாகக் குவித்து, கீற்று போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். வடக்கே சில கல் தொலைவு போனால் கடப்பாக்கத்தை அடுத்து ஆலம்பரைக் கோட்டை. முகலாயர் காலத்தைச் சேர்ந்த இக்கோட்டையை 1750ஆம் ஆண்டில் முஸஃப்பர் ஜங் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு அளித்தார். 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தனர். சுட்ட செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த மதில்கள் பாதி கரைந்து, உப்பங்கழியைப் பார்த்தபடி நிற்கின்றன. ஒரு காலத்தில் இங்கே நாணயச் சாலை இயங்கியது. எடையும் மாற்றும் பார்த்து உலோகத்தை ஏற்று, முத்திரையிட்டு வெளியே அனுப்பினார்கள். மதிலின் நிழலில் அமர்ந்து கொண்டுவந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். காற்று உதட்டில் கரித்தது.

நீங்களும் குடும்பத்தோடு இப்பக்கம் வருவதானால் தை, மாசி மாதங்களில் வாருங்கள். கழுவேலியில் தொலைதேசப் பறவைகளும் இருக்கும், வெயிலும் பொறுக்கும். வீடு திரும்பிய அன்றே வண்டியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். மீட்டரின்மேல் குழாய் நீரைப் பீய்ச்சாமல், ஈரத் துணியால் துடைத்தால் போதும். சக்கரக் குடத்தில் கேபிள் நுழையும் இடத்தை மறவாமல் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஒரு சொட்டுதான்.